பதினேழு பேட்ஜ், முப்பத்தெட்டுப் பேர்

அந்த முதியோர் இல்லத்தில் மொத்தம் முப்பத்தெட்டுப் பணியாளர்கள். கொரோனா தடுப்பூசிக் குழு வந்து கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்த அன்று, அவர்களில் பதினேழு பேர் கையை நீட்டினார்கள். மீதி இருபத்தொரு பேருக்கும் அன்றைக்கென்று பார்த்து வேலை வந்து குவிந்துவிட்டது. வருஷக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காத மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை மூன்று பேர் ஏறிப் போய்த் தேய்த்துக் கழுவினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இருபத்தொரு பேருக்கும் தலைமை பெரியக்கா. பதினாறு வருஷமாக அங்கே முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருக்கிறவள். இல்லத்தின் மேற்பார்வையாளர் அவளைவிட இரண்டு வயது மூத்தவர், அவரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் சாப்பிட உட்கார்ந்தால் எல்லோரும் உட்காருவார்கள். அவள் ஊசி வேண்டாம் என்றால் இருபது பேருக்கு வேண்டாம்.

அவள் பயந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் நாத்தனார் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் போனில் நாலு வீடியோ அனுப்பிவிடுவாள். "அண்ணி, ஊசி போட்ட இடத்துல ஸ்பூன் ஒட்டிக்குதாம், பாருங்க!" என்பாள். "ஒட்டட்டுமேடி. ஊட்டுறப்ப ஸ்பூன் தேடி அலையுற வேலையாவது மிச்சம்" என்று பெரியக்கா போனை வைத்துவிடுவாள். அவளுக்கு இருந்தது பயம் இல்லை, கோபம். வயிறு எரிகிற கோபம்.

முதல் அலை வந்தபோது அந்த இல்லத்தில் ஆளுக்கு ஒரு முகக்கவசம், அதுவும் வாரத்துக்கு ஒன்று. வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பாதுகாப்பு உடை கேட்டதற்கு, கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். மேற்பார்வையாளர் வீட்டில் பத்திரமாக இருந்தபடி, தினமும் போன் ஸ்பீக்கரில், "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று உருகினார். அந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. அப்போது ஒரு ஜோடி கையுறைக்கு வழியில்லாதவர்களுக்கு, இப்போது திடீரென்று நம் உடம்பின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வருகிறதா? வரட்டும், நான் போட்டுக்கொள்ள மாட்டேன். இதுதான் பெரியக்காவின் கட்சி.

மேற்பார்வையாளரோ சும்மா விடுகிற ஆள் இல்லை. மேலிடத்திலிருந்து 'ஊழியர்களை ஊக்குவிக்கவும்' என்று கடிதம் வந்திருந்தது. ஊக்குவிக்கத்தானே வேண்டும்? வாசலில் நின்று தினமும் பத்து நிமிஷம் ஊக்குவித்தார். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வட்டமாக, பச்சையாக, ஒரு பேட்ஜ் கொடுத்தார். 'நான் போட்டுக்கொண்டேன்! நீங்கள்?' என்று அதில் எழுதியிருக்கும். பேட்ஜ் இல்லாத யாரும் மாடிக்குப் போகக்கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டார். மாடியில் இருந்ததெல்லாம் மூச்சுக்கும் உயிருக்கும் போராடுகிற ஜீவன்கள். உத்தரவு நியாயமானதுதான், அதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த உத்தரவுதான் பெரியக்காவைச் சரியான இடத்தில் அடித்தது. ஏனென்றால் மாடியில் டிக்கெட் ஐயா இருந்தார்.

முப்பத்தோரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். நுரையீரல் பாதி போய், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். யார் அறைக்குள் நுழைந்தாலும் கையை நீட்டி "டிக்கெட்?" என்பார். கையில் இருப்பதை, மாத்திரை அட்டையோ துண்டோ, எதையாவது கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம், போகலாம்" என்று திருப்பித் தருவார். அவருக்கு முதல் ஊசி போட்ட அன்றே உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். ஆக, சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொண்டால்தான் அவருக்குப் பாதுகாப்பு.

மனிதர் பெரியக்கா ஊட்டினால்தான் ஒழுங்காகச் சாப்பிடுவார். மற்றவர்கள் ஊட்டினால் நாலு வாய், அதோடு வாயை இறுக்கி மூடிக்கொள்வார். உத்தரவு வந்து மூன்று வாரத்தில் அவர் கன்னம் உள்ளே போய்விட்டது என்று மாடியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். பெரியக்கா கேட்டுக்கொண்டு கீழே சூப் தட்டுகளை அடுக்கினாள். தட்டுகள் எழுப்பிய சத்தத்தில் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒரு ஊசி, ஒரு நிமிஷம், முடிந்தது வேலை. ஆனால் அந்த மேற்பார்வையாளருக்கு முன்னால் போய்ச் சட்டைக் கையை மடிப்பதா? நடக்காது.

இந்த இடத்தில்தான் சலவைக்காரர் வருகிறார். அந்த இல்லத்தில் நீல நிறக் கோட்டுதான் சீருடை. யாருக்கும் சொந்தக் கோட்டு கிடையாது. சாயங்காலம் கழற்றிக் கூடையில் போட வேண்டும், காலையில் அலமாரியில் தன் அளவுக்கு ஒன்றை எடுத்து மாட்ட வேண்டும். கழற்றும்போது பேட்ஜை எடுக்க யாருக்கு ஞாபகம் இருக்கும்? சலவைக்காரர் ரொம்ப நேர்மையான மனிதர். மெஷினில் போடுவதற்கு முன் பேட்ஜ்களைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார். இஸ்திரி போட்டதும், கோட்டோடு வந்தது கோட்டோடு போகட்டும் என்று, டப்பா காலியாகும்வரை ஒவ்வொரு கோட்டிலும் ஒன்றாகக் குத்தி வைப்பார். எந்தக் கோட்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோட்டில் பேரா எழுதியிருக்கிறது?

ஒரு காலை பெரியக்கா எடுத்த கோட்டில் பச்சை பேட்ஜ் இருந்தது. கழற்றத்தான் கையைக் கொண்டுபோனாள், சத்தியமாக. அதற்குள் மேற்பார்வையாளர் வாசலில் பார்த்துவிட்டார். முகமெல்லாம் பல்லாக, "பெரியக்கா! நீங்களுமா? வெளியில எங்கயோ போய்ப் போட்டுக்கிட்டீங்களா? சொல்லவே இல்லையே!" என்று கையிலிருந்த பதிவேட்டில் ஒரு டிக் போட்டார். பத்து நிமிஷ உபதேசம் இல்லை. மாடிப்படிக் கதவு திறந்திருந்தது. பெரியக்கா ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு மாடி ஏறினாள். வாயைத் திறக்காமலே பொய் சொல்ல முடியும் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மேற்பார்வையாளருடைய பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பேட்ஜோடு வருகிறவருக்கு டிக். போட்ட டிக்கை அழிப்பது கிடையாது. பதினேழு பேட்ஜ் தினமும் வேறு வேறு கோட்டில் ஏறி ஊர்வலம் போனால் ஒரு மாதத்தில் என்ன ஆகும்? முப்பத்தெட்டுப் பேருக்கும் டிக் விழும். விழுந்தது, கடைசி டிக் பெரியக்காவுடையது. இல்லத்தில் ஒரு புது ஊசிகூட உள்ளே நுழையாமல் நூறு சதவீதம் வந்துவிட்டது. சும்மா டிக் வாங்கிக்கொண்ட இருபத்தொரு பேரும் வாயைத் திறக்கவில்லை. மேற்பார்வையாளர் தன் ஊக்குவிப்பை நினைத்துத் தானே புல்லரித்துப் போனார்.

மாடியில் டிக்கெட் ஐயா முதல் நாள் அவளைப் பார்த்ததும் கண் கலங்கினார். பிறகு தொழிலை விடாமல் கையை நீட்டினார். "டிக்கெட்?"

பெரியக்கா பேட்ஜைக் காட்டினாள்.

"பரவாயில்லையே. எந்தக் கையிலம்மா போட்டாங்க?"

"இடது கைங்க ஐயா."

அன்று கிண்ணம் காலி. மறுநாளும் காலி. கோட்டில் பேட்ஜ் வராத நாட்களிலும் பதிவேட்டில் டிக் இருந்ததால் யாரும் அவளைத் தடுக்கவில்லை. நாலாம் நாள் கடைசி வாய் சூப்பை விழுங்கிவிட்டு அவர் சாவகாசமாகக் கேட்டார். "வலது கை வலி போயிடுச்சா?"

"இப்போ பரவாயில்லைங்க ஐயா" என்று வாயைத் துடைத்துவிட்டாள் பெரியக்கா.

அவர் துண்டைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, எத்தனை நாளா வித்தவுட்ல வர்ற?"

டிக்கெட் இல்லாமல் ரயிலேறுகிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பிடித்த மனிதரிடம் போய் மாட்டிக்கொண்டால் வேறு என்ன கேட்பார்?

"மாஸ்க் போட்டுக்கிட்டுத்தானே வர்றேன் ஐயா" என்றாள் முதலில். அது எடுபடவில்லை. உடனே குரலை உயர்த்தினாள். "அவங்க எங்களை என்ன பாடு படுத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? இன்னைக்கு வந்து ஊசி போடு, பேட்ஜ் மாட்டுன்னா, நாங்க என்ன பொம்மையா?"

"தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "இதே கட்டில்லதானே கிடந்தேன். குப்பைப் பையை மாட்டிக்கிட்டு வந்து எனக்கு ஊட்டினது நீதான். போனவங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். நீ கோபப்படறது நூத்துக்கு நூறு நியாயம். ஆனா அந்த ஆளு மேல இருக்கிற கோபத்தை என் மூச்சுல ஏம்மா காட்டுற?"

பெரியக்கா காலிக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊசி போட்டா சுத்தமா வரவே வராதுன்னு நான் சொல்லல. குறையும்னு டாக்டர் சொன்னார். எனக்கு அந்தக் குறைச்சல்தான் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நான் பிடிச்சவனுக்குத்தான் அபராதம் போடுவேன். தானா எழுந்து வந்து, சார், டிக்கெட் எடுக்கலைன்னு சொன்னவனை ஒரு நாளும் இறக்கி விட்டதில்ல. டிக்கெட் போட்டுக் கொடுத்து உட்கார வச்சிருக்கேன்."

படியில் இறங்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை, பிடுங்கித் தின்கிற வெட்கம். நாலு நாளாக அவர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து மூச்சு விட்டிருக்கிறாள். ஒரு தும்மல் வந்திருந்தால்? நேராக மேற்பார்வையாளர் அறைக்குப் போனாள். அங்கே அவர் ஒரு பேனரைத் தரையில் விரித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். 'நூறு சதவீத இல்லம்.'

"சார், நான் ஊசி போட்டுக்கணும்."

"போட்டுக்கிட்டீங்களே!"

"இல்ல சார். அது கோட்டோட வந்த பேட்ஜ்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பதிவேட்டை எடுத்து அவள் பேருக்கு நேராக விரலை வைத்தார். "இதோ டிக். அறிக்கை மேல போயாச்சு. நாளான்னைக்குப் பெரிய அதிகாரி பாராட்டுப் பத்திரம் கொடுக்க வர்றாங்க. பேனருக்கு எழுத்தெல்லாம் தங்கக் கலர்ல அடிச்சாச்சு. இப்போ வந்து போடலைங்கிறீங்களே பெரியக்கா!"

"போடலைன்னா போடலைன்னுதானே சார் சொல்ல முடியும்?"

"கணக்குப்படி நீங்க பாதுகாப்பா இருக்கீங்க. அப்புறம் என்ன? விழா முடியட்டும், ஆறு மாசம் கழிச்சு ஊக்க ஊசின்னு ஒண்ணு வருமாம், அதுல சேர்த்துக்கலாம். நாம எல்லாரும் ஒரே குடும்பம், வீட்டு விஷயம் வெளியில போகக்கூடாது."

ஒரு மாதத்துக்கு மேலாக அவளை ஊசி போட்டுக்கொள், போட்டுக்கொள் என்று துரத்திய மனிதர், அவள் தானாக வந்து கேட்டபோது வேண்டாம் என்கிறார். பெரியக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் உடம்பு சரியில்லை என்று சொல்லி மாடிப் பக்கமே போகவில்லை. டிக்கெட் ஐயா நாலு வாயோடு நிறுத்திக்கொண்டார்.

விழா அன்று கூடத்தில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பதினேழு பேட்ஜும் முன்வரிசையாகப் பார்த்து மாட்டப்பட்டிருந்தன. பெரிய அதிகாரி பூக்கொத்தோடு, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு அமர்ந்திருந்தார். வேறொரு இல்லத்துக்கு ஊசி போடப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தியைக் குளிர்பெட்டியோடு வழியில் நிறுத்தி அழைத்து வந்திருந்தார்கள். போட்டோவுக்காகத்தான்.

"எங்கள் இல்லத்தின் மூத்த ஊழியர், எங்கள் உந்துசக்தி, பெரியக்கா!" என்று மேற்பார்வையாளர் மைக்கில் முழங்கினார். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கையை மடிக்கச் சொல்லி, காதோரம் குனிந்து, "சும்மா பாவனைதான். காலி ஊசி. சிரிச்ச முகமா இருங்க" என்றார். நர்ஸ் காலி ஊசியைக் கையருகே கொண்டுவந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏம்மா" என்றாள் பெரியக்கா. "பெட்டிக்குள்ள மருந்து இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அதை எடு. நிஜமாவே போடு."

நர்ஸ் திருதிருவென்று முழித்தாள். "நீங்க ஏற்கெனவே போட்டுக்கிட்டதா..."

"போடல!" மைக் பக்கத்தில்தான் இருந்தது. வேண்டுமென்றே அதற்கு நேராகத் திரும்பிச் சொன்னாளா என்று பின்னால் பலர் கேட்டார்கள். வேண்டுமென்றேதான். "எனக்கு வந்தது பேட்ஜ்தான், ஊசி வரல. எனக்கு இவங்க மேல கோபம். குப்பைப் பையை மாட்டிவிட்டாங்களே, அந்தக் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கு. அதை வேற விதமாத் தீர்த்துக்கிறேன். அதுக்காக மாடியில கிடக்கிற மனுஷனோட மூச்சுல கை வைக்க முடியாது. நான் நாலு நாள் வச்சுட்டேன். நீ போடும்மா."

பெரிய அதிகாரியின் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. நர்ஸ் அவரைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார். மருந்து ஏறியது. பெரியக்கா முகம் சுளித்து "ஸ்ஸ்" என்றாள்.

அப்புறம் முன்வரிசையில் ஒருத்தி எழுந்து தன் பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் சமையற்கட்டு ஆள் ஒருவர். பேட்ஜ் இல்லாத ஒருத்தி, வைக்க ஒன்றும் இல்லாததால், கையை மட்டும் தூக்கினாள். மேற்பார்வையாளர் "இதெல்லாம் சின்னக் குழப்பம், சின்னக் குழப்பம்" என்று அசடு வழிந்தபடி பேட்ஜ்களைப் பையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார்.

கடைசியில் சலவைக்காரர் வாசலில் நின்றபடி தொண்டையைச் செருமினார். "ஐயா, எனக்கு ஒண்ணு கேட்கணும். நான் முதல் நாளே வெளியில போய் ஊசி போட்டுக்கிட்டேன், ரெண்டாவதும் போட்டாச்சு. சீட்டு இருக்கு. ஆனா எனக்குக் கோட்டு இல்ல, அதனால பேட்ஜ் இல்ல. தினமும் வாசல்ல எனக்கு மட்டும் உபதேசம் விடாம நடக்குது. அதை நிறுத்த முடியுமா?"

"நீ ஒப்பந்த ஆளப்பா. நீ கணக்குலயே வரமாட்டே" என்றார் மேற்பார்வையாளர், தன்னை அறியாமல்.

பெரிய அதிகாரி பாராட்டுப் பத்திரத்தைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். மறுநாள் தடுப்பூசிக் குழு மறுபடி வந்தது. அன்றைக்கு மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ ஒருவரும் போகவில்லை. தங்க எழுத்துப் பேனர் நல்ல கெட்டித் துணி, சலவைக்காரர் அழுக்குக் கூடைக்கு மூடியாக வைத்துக்கொண்டார்.

பெரியக்காவுக்கு உடனே மாடிக்கு அனுமதி கிடைக்கவில்லை. இரண்டாவது ஊசியும் போட்டு, அதன்பின் இரண்டு வாரம் போகட்டும் என்றாள் நர்ஸ். கிட்டத்தட்ட ஐம்பது நாள். நடுவில் கீழே சமையற்கட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் கொரோனா என்று தெரிந்து, மாடிப்படிக் கதவையே பூட்டிவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் பெரியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடியில் வேலை செய்கிறவர்களிடம் தினமும் "ஐயா எத்தனை வாய்?" என்று கேட்டாள். "அஞ்சு" என்பார்கள். "மூணு" என்பார்கள். ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அன்று நாத்தனார் போன் செய்து, "அண்ணி, கையில ஸ்பூன் ஒட்டுதா?" என்று கேட்டாள். "வாயை மூடுடி" என்று சொல்லிவிட்டு, பெரியக்கா முதல் தடவையாக அழுதாள்.

ஐம்பத்தோராம் நாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கோட்டில் பேட்ஜ் இல்லை, அந்தப் பழக்கத்தையே ஒழித்திருந்தார்கள். டிக்கெட் ஐயா எலும்பும் தோலுமாக ஜன்னலைப் பார்த்துக் கிடந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நடுங்குகிற கையை நீட்டினார்.

"டிக்கெட்?"

பெரியக்கா தடுப்பூசிச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். பேரைப் படித்தார். இரண்டு தேதிகளையும் படித்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, விரல் விட்டு, நாட்களை எண்ணினார். நிதானமாக எண்ணினார், ஆக்ஸிஜன் குழாய் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்க. அவ்வளவு நேரமும் அவள் கிண்ணத்தோடு நின்றுகொண்டே இருந்தாள், உட்காரவில்லை.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து, சீட்டின் மூலையில் சாய்வாக ஒரு கோடு கிழித்து, அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"உட்காரும்மா" என்று சொல்லி வாயைத் திறந்தார்.